உபயமும் சந்தாவும்: யாழ்ப்பாணத்தில் இசை வளர்த்த கூட்டுப்பணம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இசை வரலாறு இதுவரை பெரும்பாலும் வித்துவான்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. யாரிடம் யார் பயின்றார், எந்தக் கோயிலில் வாசித்தார், எந்தப் பட்டம் பெற்றார் என்ற செய்திகள் நினைவு மலர்களில் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அந்த வாசிப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது, பலர் சேர்ந்து பணம் போட்ட கூட்டங்களில் அங்கம் பெறும் உரிமை யாருக்கு இருந்தது, சேர்ந்த பணத்தில் ஆராய்ச்சிக்கு என்று ஏதாவது மிஞ்சியதா என்ற கேள்விகள் அரிதாகவே எழுந்துள்ளன. இத்தனைக்கும் குடாநாட்டின் பெயருக்கே ஓர் இசை மானியத்தைக் காரணமாகச் சொல்லும் ஐதிகம் உண்டு. பார்வையற்ற யாழ்ப்பாடி ஒருவன் அரசன் முன் யாழ் வாசித்து, மணல் நிறைந்த நிலப்பகுதி ஒன்றைப் பரிசிலாகப் பெற்றான் என்னும் அக்கதை மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’யிலும் இடம்பெற்றுள்ளது. வரலாற்றுச் சான்றாக அதை ஏற்காதவர் பலர். எனினும் ஒரு நிலத்தார் தம் ஊரின் தோற்றத்தையே இசைக்குக் கிடைத்த கொடையாக நினைத்துப் பார்த்தார்கள் என்பது சாதாரணமான செய்தியன்று.

அரசர் போன பிறகு அந்தக் கொடையின் இடத்தைக் கோயில் திருவிழா எடுத்துக்கொண்டது. குடாநாட்டுக் கோயில்களின் மகோற்சவம், அதாவது கொடியேற்றத்தில் தொடங்கித் தீர்த்தத்தோடு நிறைவுறும் ஆண்டுத் திருவிழா, பத்து நாள் தொடக்கம் இருபத்தைந்து நாள் வரை நீள்வது. பல கோயில்களில் ஒவ்வொரு நாட் செலவையும் ஒரு குடும்பமோ, ஒரு குறிச்சியாரோ, ஒரு தொழில் செய்வோரோ ஏற்றுக்கொள்வது வழக்கம். இந்தப் பொறுப்புக்கு உபயம் என்றும், பொறுப்பேற்றவருக்கு உபயகாரர் என்றும் பெயர். அபிஷேகத் திரவியம், சாத்துப்படிப் பூமாலை, குருக்களின் தட்சிணை, சோடனை, சப்பறம், இரவு வெளிச்சம் என்று நீளும் உபயக் கணக்கில் மேளத்துக்கான தொகை தவறாமல் இடம்பெறும். பெரிய மேளம் என்று சொல்லப்படும் நாதஸ்வர தவிற் குழுக்களைக் ‘கூட்டம்’ என்று எண்ணுவது குடாநாட்டு வழக்கு. ஐந்தாந் திருவிழாக்காரர் நான்கு கூட்டம் மேளம் பிடித்தால் ஆறாந் திருவிழாக்காரர் ஆறு கூட்டம் பிடிப்பார் என்ற போட்டி, சுருட்டுக் கடையாலும் வெங்காயத்தாலும் அரச உத்தியோகத்தாலும் கைக்கு வந்த பணத்தை இசையின் பக்கம் திருப்பிவிட்டது. சுவாமி வெளிவீதி சுற்றி வந்து ஓரிடத்தில் தரித்து நிற்க, கூட்டங்கள் எதிரெதிரே நின்றும் பின்னர் ஒன்றாக அமர்ந்தும் விடியும்வரை வாசிக்கும் ‘மேளச்சமா’, அந்தப் போட்டியின் விளைபொருள்.

இந்தப் பணம் ஊருக்குள் மட்டும் சுற்றவில்லை. சோழநாட்டு நாதஸ்வர வித்துவான்களும் தவில் வித்துவான்களும் திருவிழாக் காலத்தில் குடாநாட்டுக்கு அழைக்கப்பட்டார்கள். இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் இருந்த இசைக் குடும்பத்துப் பிள்ளைகள் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தும், பின்னர் கடல் கடந்து போய் அவர்கள் வீட்டில் தங்கியும் கற்றார்கள். இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடமும் பயின்ற வி. தெட்சணாமூர்த்தி (1933–1975), தமிழ்நாட்டு வித்துவான்களே தேடி வந்து கேட்கும் லயக்காரராக உயர்ந்ததற்கு இந்தத் திருவிழாப் பொருளாதாரம் இட்ட அடித்தளமும் ஒரு காரணம். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அதே நிலத்தில் வளர்ந்ததே. ஆனால் உபயம் ஒரு வகையில் மூடிய சேர்க்கை. அதில் அங்கம் பெறுவது பெரும்பாலும் பிறப்பாலும் சாதியாலும் தீர்மானிக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் பெயர் திருவிழா அறிவித்தலில் அச்சாக, வாசித்தவர் உரிய மரியாதையைப் பல வேளை கோயில் வாசலோடு விட்டு வர வேண்டியிருந்தது. மேலும், உபயப் பணம் அந்த இரவு வாசிப்புக்கே கொடுக்கப்பட்டது. வாசித்ததைக் குறித்து வைக்கவோ, பாடாந்தரத்தை எழுதி வைக்கவோ அதில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு சேர்க்கை 1931இல் தோன்றியது. டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் நடந்த முதலாவது தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்த அதே ஆண்டில், வட இலங்கை சங்கீத சபை நிறுவப்பட்டது. கோயிலிலிருந்து பாடசாலைக்கு இசை நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாடசாலையில் சங்கீதம் கற்பிப்பவருக்கு என்ன தகுதி வேண்டும், அதை யார் அளந்து சொல்வது என்ற கேள்விக்குப் பதிலாகவே சபை வளர்ந்தது எனலாம். பத்தாண்டுகளுக்கு முன்னர், 1921இல், யாழ்ப்பாணத்தில் உருவான ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று படிமுறையாகப் பரீட்சை நடத்தித் தமிழ்ப் புலமைக்கு ஓர் அளவுகோல் வகுத்திருந்தது. சங்கீத சபையும் ஏறத்தாழ அந்த வழியிலேயே தரம் தரமாகப் பாடத்திட்டம் வகுத்து, எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் நடத்தி, உச்சியில் ஆசிரியர் தரம் என்ற ஒன்றை வைத்தது. அந்தத் தரத்தில் சித்தியெய்தியவர் ‘கலாவித்தகர்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதை இன்றும் அரங்கேற்ற அழைப்பிதழ்களில் காணலாம்.

சபையின் வருவாய் சிறு தொகைகளின் கூட்டு. கொழும்பிலோ வெளிநாட்டிலோ எவரையும் எதிர்பாராமல், பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையின் பெற்றோர் கட்டிய கட்டணத்திலேயே தன் காலில் நிற்கக்கூடிய ஏற்பாடு அது. நூற்றாண்டை நெருங்கியும் சபை நிலைத்திருப்பதற்கு அதுவே முதற்காரணம். பெண்கள் இசைத்துறைக்குள் ஆசிரியர்களாக நுழைவதற்கு அது திறந்த வழி சிறிதன்று. ஆயினும் கட்டணத்தால் இயங்கும் அமைப்புக்குக் கட்டணம் வரும் பக்கமே கண் இருக்கும். வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்ற நடுத்தர வகுப்பாரின் விருப்பங்களைச் சுற்றியே அதன் உலகம் அமைந்தது; பரம்பரையாய்க் கற்ற மேளகாரர் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றார்கள். உபயம் ஒரு வாசலை அடைத்தது என்றால், பரீட்சை வேறொரு வாசலை அடைத்தது.

ஆராய்ச்சிக்கென்று ஆட்களும் பணமும் சேர்ந்த கதையைக் காண வேண்டுமானால் பாக்குநீரிணையின் மறுகரைக்குப் போக வேண்டும். தஞ்சாவூரில் கருணாநிதி வைத்தியசாலை நடத்திய ஆபிரகாம் பண்டிதர், 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்ற அமைப்பை உருவாக்கி, மருந்து விற்று ஈட்டிய சொந்தப் பணத்தில் ஏழு மாநாடுகளைக் கூட்டி, வித்துவான்களைச் சுருதி பற்றி வாதிட வைத்து, 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலை வெளியிட்டார். அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக் கல்லூரிக்கு, யாழ்ப்பாணத்து மாணவர்கள் இரயிலும் கப்பலும் மாறிச் செல்லும் ‘போட் மெயில்’ வழியாகப் போய்ச் ‘சங்கீத பூஷணம்’ பட்டத்தோடு திரும்பினார்கள். இந்த இரு கரைகளையும் இணைத்து நின்றவர் விபுலானந்த அடிகள். மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் பிறந்த அவர், துறவு பூணுமுன் யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராகவும் இருந்தவர். பழந்தமிழ் யாழ்களின் நரம்பு அளவுகளைக் கணிதத்தால் மீட்டெடுக்க முயன்ற அவருடைய ‘யாழ்நூல்’, கோனாபட்டுச் சிதம்பரம் செட்டியாரின் பொருளுதவியோடு கரந்தைத் தமிழ்ச் சங்கத்தால் வெளியிடப்பட்டு, 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அங்கே நூலின்படி செய்த யாழ்களை வீணைக் கலைஞர் ஒருவர் வாசித்தும் காட்டினார். ஓர் ஈழத்துத் துறவியின் ஆய்வும் நாட்டுக்கோட்டையார் ஒருவரின் பணமும் தஞ்சைச் சங்கம் ஒன்றின் அச்சும் ஒரு வீணைக் கலைஞரின் விரலும் சேர்ந்து உருவான நூல் அது. இன்று கூட்டாய்வு என்று சொல்லப்படுவது அதைவிட அதிகமாக எதையும் குறிக்க முடியாது. அடிகள் அடுத்த மாதமே காலமானார். அதே 1947 செப்டெம்பரில் இலண்டனில் பல நாட்டு ஆய்வாளர் கூடிச் சர்வதேச நாட்டார் இசை மன்றம் என்ற அமைப்பை நிறுவினர். உறுப்பினர் சந்தாவால் இயங்கும் அந்த மன்றம், பெயர் மாறி, இன்றும் உலகின் முக்கியமான இசையாய்வு வலையமைப்புகளுள் ஒன்றாக இருந்துவருகிறது.

குடாநாட்டில் நிறுவன வடிவிலான உயர் இசைக்கல்வி 1960இல்தான் வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகனும், தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து பரமேசுவராக் கல்லூரி அதிபராகவும் பின்னர் அமைச்சராகவும் விளங்கியவருமான சு. நடேசபிள்ளை, மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கி, மகாராஜபுரம் சந்தானத்தைத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து அதிபராக்கினார். தனியார் நம்பிக்கைச் சொத்தின் நிழலில் நடந்த அக்கல்லூரி, 1974இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டதை அடுத்து, 1975 இறுதியில் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் பின்னர் ஆசிரியரின் சம்பளம் அரசின் பொறுப்பாயிற்று; உபயகாரரின் தயவும் மாணவரின் கட்டணமும் இல்லாமல் இசை பற்றிச் சிந்திக்கச் சிலருக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. ‘இசைக் கலைமணி’ என்ற சான்றிதழ் நிலை காலப்போக்கில் பட்டப்படிப்பாக உயர்ந்து, அண்மையில் அந்நிறுவனம் தனிப் பீடமாகவும் ஆகியுள்ளது. இருந்தும் சம்பளம் வேறு, ஆய்வு நிதி வேறு. ஊர் ஊராகப் போய்ப் பாடல் பதிவு செய்வதற்கான ஒலிப்பதிவுக் கருவி, பயணச் செலவு, பதிவைப் பாதுகாக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழக வரவு செலவுத் திட்டத்தில் எக்காலத்திலும் ஓரத்து இடமே இருந்தது.

கூத்துப் பாடல்களின் நிலை சற்று வேறு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், ஊர்களில் கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை அரச அமைப்பு ஒன்று முதன்முறையாகத் தேடிச் சென்றது. மன்னார்க் கூத்து ஏடுகள் அச்சேறின. பிற்காலத்தில் அவரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், கத்தோலிக்கக் கூத்து மரபையும் பிற அரங்க வடிவங்களையும் போர்க்காலத்திலும் விடாமல் பேணியது.

ஏட்டிலும் அச்சிலும் இருந்தவையும் தப்பவில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. தொடர்ந்து வந்த போரும் இடப்பெயர்வுகளும் வீடுகளில் இருந்தவற்றையும் கொண்டுபோயின. போர் முடிந்த பின்னர், 2011 மார்ச் மாதத்தில், சேவாலங்கா நிறுவனமும் நோர்வே அரசின் இசை அமைப்பும் நோர்வேத் தூதரகத்தின் நிதியோடு யாழ்ப்பாண இசை விழாவை மூன்று நாட்கள் நடத்தின. நாட்டின் பல பாகத்து நாட்டார் கலைஞர்கள் ஒரே மேடையைப் பகிர்ந்தார்கள். அன்னிய நிதிக்கு ஓர் அரசியல் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்காக முகம் சுளிப்பவர்கள், உபயத்துக்கும் ஓர் அரசியல் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றே: விழா முடிந்தால் பணமும் முடிந்துவிடும். இதற்கு மாறாக, 2005இல் தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பட்டு, புலம்பெயர்ந்தோரின் நன்கொடைகளாலும் பெரிதும் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம ஆவணத் திட்டம், பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இலவசமாகப் படிக்கும்படி செய்துவருகிறது. ஈழத்து இசை பற்றி இன்று எழுதும் எவரும் அதன் கதவைத் தட்டாமல் இருக்க முடியாது.

ஆண்டுதோறும் கோயில்கள் அச்சிட்டு வழங்கும் மகோற்சவ விஞ்ஞாபனம், அதாவது ஒவ்வொரு நாள் திருவிழாவின் விவரத்தையும் உபயகாரர் பெயரையும் தாங்கிய அறிவித்தல், பெரும்பாலும் திருவிழா முடிந்த கையோடு அடுப்புக்குப் போய்விடுகிறது. உபயச் செலவு எழுதிய கணக்குக் கொப்பிகள் பல வீடுகளில் இன்னும் உள்ளன. எந்தத் திருவிழாவுக்கு எத்தனை கூட்டம் மேளம் வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதற்கு அவற்றைவிட நேரான சான்று வேறில்லை. மேளச்சமாக்களை இரசிகர்கள் பதிவு செய்து வைத்த ஒலிநாடாக்களும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அலுமாரிகளுக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர், அடுத்த மாரிக்கு முன்னராவது, படியெடுப்பதற்காக ஆவணக் காப்பகம் ஒன்றிடம் கொடுத்து உதவ வேண்டும்.