வைசூரிக் குடிலில் ஒரு மேய்ப்பர்

எங்கள் யட்டவத்தையும் அடங்கியிருந்த கண்டி இராச்சியத்தில் 1697ஆம் ஆண்டு வைசூரி பரவிற்று. நோயாளரை உற்றாரே காட்டில் விட்டு அகன்றனர். கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளாரோ அவர்களுக்குக் குடில் அமைத்தார்; உணவூட்டினார்; புண் கழுவினார்; இறந்தோரை அடக்கஞ் செய்தார். சமயம் யாதென வினவினாரில்லை. 1692இல் ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிட்ட கண்டிதான் அது!

ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் இலங்கை வந்து, தமிழும் சிங்களமும் பயின்றவர் அவர். திருச்சபைத் தலைவர்க்குரிய கடமைகள் யாவையென ஏடுகள் நீளப் பேசுகின்றன. எனக்கு அக்குடிலே போதும். பின்னர் ஆயர் பதவி தேடிவந்தபோது அதனை அவர் ஏற்கவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எனக்கு இச்செய்தி சற்றே உறுத்துகின்றது. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே உயிர்நீத்தார். புனிதரெனத் திருச்சபை அறிவித்தது 2015இலேதான்.