தீப்புண்ணில் ஆக்சிஜனேற்ற அழுத்தம்

தீயோ கொதிநீரோ பட்ட தோலில், ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைமிகு மூலக்கூறுகள் உடலின் தடுப்பாற்றலை மீறிப் பெருகும் நிலை. அடுப்பை அணைத்த பிறகும் தீப்புண் ஓரிரு நாள் உள்ளுக்குள் ஆழமாகிக்கொண்டே போவதற்கு இது முக்கியக் காரணம்.

பர்மிங்காம் அறுவை மருத்துவர் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் தீப்புண்ணை மூன்று வளையங்களாக விவரித்தார். நடுவில் வெந்து இறந்த தோல். ஓரத்தில் சிவந்து, தானே ஆறிவிடும் தோல். இரண்டுக்கும் இடையே இரத்தம் தேங்கிய பகுதி. இந்த இடைப்பகுதி பிழைக்கவும் கூடும், சாகவும் கூடும். மருத்துவரின் போராட்டம் பெரிதும் இதற்காகத்தான்.

இந்த இடைப்பகுதியில் இரத்த ஓட்டம் குறைந்த செல்களில், ஆற்றல் தரும் ஏடிபி சிதைந்து ஹைப்போசாந்தைன் சேர்கிறது. ஓட்டம் திரும்பியதும் சாந்தைன் ஆக்சிடேஸ் நொதி அதிலிருந்து சூப்பராக்சைடை உண்டாக்குகிறது. கிருமியைக் கொல்ல வந்த நியூட்ரோபில்களும் அதையே கக்குகின்றன. சூட்டில் உடைந்த சிவப்பணுக்களின் இரும்பு, சூப்பராக்சைடிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை இன்னும் கொடிய ஹைட்ராக்சிலாக மாற்றுகிறது. செல் சவ்வின் கொழுப்பு கெட்டு, நுண்குழாய்கள் ஒழுகி, வீக்கம் கூடுகிறது.

அதற்காக இந்த வினைமிகு மூலக்கூறுகளை முற்றாக ஒழித்துவிடவும் முடியாது. காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைப்பதே ஹைட்ரஜன் பெராக்சைடு என்பதை 2009இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் கண்டார்கள்.

இவற்றை அடக்கும் சிகிச்சைகளில் அதிகம் பேசப்படுவது வைட்டமின் சி. ஜப்பானில் 37 நோயாளிகளிடம் நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரம், கிலோ எடைக்கு மணிக்கு 66 மி.கி. வீதம் நரம்பில் ஏற்றினார்கள். 60 கிலோ ஆளுக்கு இது ஏறத்தாழ 95 கிராம். கடையில் வாங்கும் 500 மி.கி. மாத்திரையில் 190! ஏற்றவேண்டிய திரவத்தின் அளவு பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்தது. விலையும் உண்டு: சிறுநீரகத்தில் ஆக்சலேட் படியலாம், குளுக்கோமீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து.

சுவிட்சர்லாந்தின் லோசான் மருத்துவர்கள் வேறு வழி பிடித்தார்கள். புண்ணிலிருந்து கசியும் நீரோடு செம்பு, துத்தநாகம், செலினியம் வெளியேறுகின்றன. உடலின் சொந்தத் தடுப்பு நொதிகள் பல இவையின்றி இயங்கா. இழந்ததை நரம்புவழி ஈடுசெய்தபோது நோய்த்தொற்று குறைந்தது. குளூட்டத்தயோன் என்ற உடலின் தடுப்பு மூலக்கூறுக்கு மூலப்பொருளான குளூட்டமின் மேல் வைத்த நம்பிக்கையோ, சுமார் 1,200 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில் பொய்த்தது.

இடைப்பகுதியைக் காக்க வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றுதான்: 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் உதவாது. இங்க் பூசினால் புண்ணின் ஆழமும் மருத்துவர் கண்ணுக்குத் தெரியாது.