ஆமை இறைச்சி வாங்குவதும் குற்றம்தான்

‘கடலாமை இறைச்சியுடன் ஒருவர் கைது’ என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. விற்றவர் பிடிபடுகிறார், வாங்கிச் சமைத்தவர் செய்தியில் வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, வாங்குவதில் பிழையில்லை என்று நினைக்கும் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு 1972இல் செய்யப்பட்ட திருத்தம் கடலாமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து இனங்களும் இதில் அடங்கும். கொல்வது மட்டுமல்ல, இறைச்சியையோ முட்டையையோ ஓட்டையோ விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிலோ இருந்தாலே போதும், நீதிவான் முன்னிலையில் நிற்க வேண்டி வரலாம்.

பழக்கம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனண்ட், யாழ்ப்பாணச் சந்தையில் ஆமையை உயிரோடு துண்டு துண்டாக அறுத்து விற்றதை அருவருப்போடு எழுதியிருக்கிறார். முன்னோர் சாப்பிட்டது உண்மைதான். ஆனால் ஒரு பேராமை முட்டையிடும் வயதை எட்ட 20 வருடங்களுக்கு மேல் செல்லும். மூலநோய்க்கு நல்லது என்ற கதைக்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, அழுங்காமை இறைச்சி நஞ்சாகி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

வலையில் தற்செயலாக ஆமை பட்ட கடற்றொழிலாளியை நான் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. திருக்கை வலைக்கு ஆளும் தெரியாது, ஆமையும் தெரியாது. வலையை அறுத்தாவது ஆமையை விட்டுவிட வேண்டும். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். மல்லாத்தாமல், பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்தி, நிழலில் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். மூச்சுத் திரும்பச் சில மணி நேரமாகலாம். ஒரு நாளும் ஆகலாம்.

வெட்டுவதையோ விற்பதையோ கண்டால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். உடனடி நடவடிக்கை தேவையென்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. ‘அந்தப் பக்கம் ஆமை வெட்டுகிறார்கள்’ என்று மட்டும் சொன்னால் அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் மணல்தான் மிஞ்சும். எந்த ஒழுங்கை, எந்த வாடிக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு, உயிரோடா இறைச்சியாகவா, படகின் அல்லது மோட்டார் சைக்கிளின் இலக்கம் என்ன என்பவற்றைச் சொல்லுங்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து எடுக்க முடிந்தால் மட்டும் படம் எடுங்கள். அதை முகநூலில் போடாதீர்கள்; பார்த்தவுடன் இறைச்சி இடம் மாறிவிடும், படம் எடுத்தவர் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். சின்ன ஊரில் விற்பவர் சொந்தக்காரராகவும் இருப்பார். அந்தத் தயக்கம் எனக்கு விளங்குகிறது. சாட்சியாக வர முடியாதென்றால் அதை அழைக்கும்போதே சொல்லிவிடலாம். இடத்தையும் நேரத்தையும் சொல்வதே பெரிய உதவி.

கரையொதுங்கிய ஆமையையும் அறிவியுங்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பின்னர் நாட்டின் பல கரைகளில் ஆமைகள் இறந்து ஒதுங்கின. இறப்புக்கான காரணத்தை அறிய உடல் வேண்டும். மணம் தாங்காமல் நாமே புதைத்துவிட்டால் பரிசோதிக்க எதுவும் இருக்காது.