அம்பாசிடர் கார்: உள்விளக்கும் அதன் மின்கோளாறுகளும்

அம்பாசிடர் காரின் உட்கூரையில் பதிந்த சிறு விளக்கை மெக்கானிக்குகள் ‘ரூஃப் லைட்’ என்பார்கள். தில்லி சாணக்யபுரியில் தூதரகங்கள் வரிசைகட்டி நிற்கும் சாந்தி பாதையில் அரசின் அடையாளமாகவே ஓடிய வெள்ளை அம்பாசிடர்களில், திரை போட்ட பின்னிருக்கைக்கு இரவில் வெளிச்சம் தந்தது இவ்விளக்கே.

பி. எம். பிர்லா 1942-ல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. இங்கிலாந்தின் கௌலியில் பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி 1957-ல் அம்பாசிடர் வந்தது. உடலோடு மின்னமைப்பிலும் பிரிட்டிஷ் மரபே, அதாவது லூகாஸ் நிறுவனத்தின் முறையே, தொடர்ந்தது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கும் ‘பாசிட்டிவ் எர்த்’ முறைக்கு லூகாஸ் 1930-களில் மாறியது. செம்பு முனைகள் அரிக்காமலிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1960-களில் ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் பரவியபோது நெகட்டிவ் எர்த் வழக்கமானது. 1961-ல் டி.வி.எஸ். குழுமத்துடன் சேர்ந்து சென்னைப் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். எழுந்தது இந்திய மோட்டார் மின்துறைக்கு உண்மையான திருப்பம்.

எர்த் முறை மாறிய இந்த வரலாறு பழுதுபார்ப்பவருக்கு அவசியமானது. இழை பல்புக்கு முனை பேதம் கிடையாது; எல்.இ.டி.க்கு உண்டு. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாராமல் எல்.இ.டி. மாட்டிவிட்டு, வயரிங்கையே பிரித்துப்போடுவது வீண்வேலை.

கதவு சுவிட்ச் உள்ள வண்டிகளில் மின்சாரம் ஃபியூஸ் வழியாக நேரே பல்புக்கு வரும். கதவுத் தூணிலுள்ள சுவிட்ச், எர்த்தைச் சேர்க்கவும் பிரிக்கவும் மட்டுமே செய்யும். லூகாஸ் வயரிங் மோசம் என்று பழிப்பது நியாயமில்லை. குற்றம் பெரும்பாலும் எர்த்திலேயே இருக்கிறது. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வந்த வண்டியில் சுவிட்ச் உட்காரும் இடத்தில் புதுப் பெயிண்ட் மூடியிருக்கும்; அதைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்தாலே போதும்.

மூடியைக் கழற்றினால், இரு நுனியிலும் தொப்பி வைத்த மருந்துக் குப்பி போன்ற பல்பு இரண்டு பித்தளைத் தகடுகளுக்கிடையே படுத்திருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தகட்டில் படிந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த தகட்டை லேசாக உள்ளே வளைக்கவேண்டும். மங்கலான வெளிச்சத்துக்கு இதுவே முதல் மருந்து. அப்படியும் எரியாவிட்டால் பேட்டரியை மறுபடி இணைத்து, டெஸ்ட் லாம்பின் ஒரு நுனியை நல்ல எர்த்திலும் மற்றதை வரும் வயரிலும் வைக்கவும். லாம்ப் எரிந்தால் ஃபியூஸ்வரை சரி. சுவிட்சையும் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால், கூரைத் துணிக்கடியில் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது என்று பொருள். அங்கே பெரிய ஃபியூஸோ சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளோ வைப்பது தீயை வரவேற்பதாகும். கதவு மூடியும் விளக்கு அணையாவிட்டால், 12 வோல்ட், 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். வெள்ளி இரவு முதல் திங்கள் காலைவரை 60 மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி, அதாவது சாதாரண 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி, போய்விடும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது; இனி இருக்கும் வண்டிகளைப் பழுதுபார்த்துக் காப்பதே வழி. 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021 மத்திய விதிகளின்படி ‘வி.ஏ.’ எழுத்துகளுடன் தனிப் பதிவெண் உண்டு.