சுற்றுவழியில் போன குரல்கள்

வெளிநாட்டுத் தொலைபேசிப் பேச்சு எப்படி மலிவானது என்று கேட்டால், தொழில்நுட்பம் வளர்ந்தது, செலவு குறைந்தது, கட்டணமும் தானாக இறங்கியது என்பதுதான் வழக்கமான பதில். இது பாதி உண்மை. செலவு குறைந்து பல பத்தாண்டுகள் கழித்தே கட்டணம் இறங்கியது. 1927 ஜனவரியில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வானொலி வழியாகத் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது 3 நிமிடப் பேச்சுக்கு 75 டாலர். 1956இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் தொலைபேசிக் கம்பிவடம் போடப்பட்டது. அதில் ஒரே நேரத்தில் 36 பேச்சுகள் போகலாம். 3 நிமிடத்துக்கு 12 டாலர். 1988இல் அதே கடலில் இறங்கிய முதல் கண்ணாடி இழை வடம் சுமார் 40,000 பேச்சுகளைத் தாங்கியது. 32 ஆண்டுகளில் கொள்ளளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. கட்டணம் அந்த வேகத்தில் எங்கும் இறங்கவில்லை. இறங்க வைத்தவர்கள் யார் என்று பார்த்தால், பொறியாளர்களுக்குப் பக்கத்தில் வேறொரு கூட்டமும் நிற்கிறது. முழுக் கட்டணம் கட்ட மனமில்லாமல் சுற்றுவழி தேடியவர்கள் அவர்கள். சட்டம் அவர்களை அவ்வப்போது திருடர்கள் என்றது. பிறகு அவர்கள் போன வழியிலேயே தானும் நடந்து வந்தது.

இந்தச் சுற்றுவழிகள் ஏன் இருந்தன என்று புரிய, இரண்டு நாட்டுத் தொலைபேசித் துறைகள் தங்களுக்குள் பணத்தை எப்படிப் பிரித்துக்கொண்டன என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒரு கணக்கு விலையை இரு நாடுகளும் பேசி முடிவு செய்யும். எந்த நாட்டிலிருந்து அழைப்பு கிளம்புகிறதோ அந்த நாடு அதில் பாதியை மற்ற நாட்டுக்குக் கொடுக்கும். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்பது அவரவர் விருப்பம். அமெரிக்காவில் 1984க்குப் பிறகு நெடுந்தூரச் சேவையில் போட்டி வந்துவிட்டதால் அங்கே கட்டணம் குறைந்தது. ஒற்றை அரசுத் துறை ஆண்ட நாடுகளில் குறையவில்லை. விளைவாக, ஒரே வடத்தில், ஒரே இரு ஊர்களுக்கு இடையே, ஒரே நேரத்தில் போகும் பேச்சுக்கு இரண்டு விலைகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கூப்பிட்டால் ஒரு விலை, இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கூப்பிட்டால் அதைவிட மிக அதிகமான விலை. தூரமும் கருவியும் மாறவில்லை. யார் முதலில் எண்ணைச் சுழற்றினார்கள் என்பது மட்டும்தான் வேறு. செலவை ஒட்டி விலை வைக்கப்பட்டதாக இதன் பிறகும் வாதாட முடியாது.

விலை பொய்யானது என்பதை மக்கள் கணக்குப் போடாமலே புரிந்துகொண்டிருந்தார்கள். குறிப்பிட்ட ஆளுடன் மட்டும் பேச வேண்டும் என்று தொலைபேசி நிலைய ஊழியர் மூலம் கேட்கும் அழைப்பு அமெரிக்காவில் இருந்தது. அந்த ஆள் இல்லையென்றால் கட்டணம் கிடையாது. ஊர் போய்ச் சேர்ந்தவர் வீட்டுக்கு அழைத்து, அங்கே இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார். எடுத்தவர் ‘அவர் இல்லை’ என்பார். சேதி போய்விட்டது, காசு ஆகவில்லை. நம் மிஸ்டு கால் இதன் தம்பிதான். எடுத்தால்தான் மீட்டர் ஓடும் என்ற விதியை வைத்தது துறை. எடுக்காமலே பேசிக்கொண்டது ஜனம். 1995இல் இந்தியாவுக்கு வந்த செல்பேசியில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது, வரும் அழைப்புக்கும் 2003 வரை காசு என்று இருந்ததை நினைத்தால், மிஸ்டு கால் கொடுத்தவரைக் கஞ்சன் என்று சொல்ல வாய் வராது. எஸ்.டி.டி. பூத்துகளுக்கு முன்னால் இரவு 11 மணிக்குக் கூடிய கூட்டமும் இந்த வரிசையில் சேரும். அந்த மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம். பகலில் முழு விலை கேட்ட அதே துறை, இரவில் கால் பங்குக்கு அதே கம்பியைத் திறந்துவிட்டது. இரவில் சும்மா கிடக்கும் கம்பியில் இன்னொரு பேச்சு போனால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை என்று துறையே அந்தக் கட்டண அட்டையில் ஒப்புக்கொண்டிருந்தது.

பெரிய உடைப்பு 1990களில் வந்தது. நியூயார்க் பக்கத்தில் ஐ.டி.டி. என்ற நிறுவனத்தை 1990இல் தொடங்கிய ஹோவர்ட் ஜோனாஸ் போன்றவர்கள் ‘திருப்பி அழைப்பு’ என்ற வியாபாரத்தை நடத்தினார்கள். முறை எளிது. விலை அதிகமான நாட்டில் இருப்பவர் அமெரிக்காவிலுள்ள ஒரு எண்ணைக் கூப்பிட்டு, மணி அடித்ததும் எடுக்கும் முன்பே வைத்துவிடுவார். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. அங்குள்ள கணினி அவரைத் திருப்பிக் கூப்பிட்டு அமெரிக்க டயல் ஒலியைக் காதில் கொடுக்கும். அதன் பிறகு அவர் எங்கே பேசினாலும் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய அழைப்பாகவே கணக்கு. மிஸ்டு காலை ஒரு தொழிலாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். பல நாடுகள் கொதித்தன. இந்தியாவும் இதை அனுமதிக்கவில்லை. 1994இல் கியோட்டோவில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாடு இதைப் பற்றித் தனித் தீர்மானமே போட்டது. ஆனால் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அதே ஆண்டில் திருப்பி அழைப்பு சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்புச் சொன்னது. வெளிப்படையாகத் தடைசெய்த நாடுகளில் மட்டும் விற்காதீர்கள் என்று பிறகு சேர்த்துக்கொண்டது.

இதைத் திருட்டு என்று சொல்பவர்களுக்கு ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் ஒலியை ஊதி நெடுந்தூரக் கம்பியை ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்கள் இருந்தார்கள். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் ஜாப்ஸும் வாஸ்னியாக்கும் அந்த ‘நீலப் பெட்டி’யைச் செய்து விற்றது ஊரறிந்த கதை. அது திருட்டுதான், கம்பியைப் பயன்படுத்திவிட்டுக் காசு தராமல் போவது. திருப்பி அழைப்பில் பேசியவர் காசு கொடுத்தார். பேசியதற்கான பணம் அமெரிக்க நிறுவனத்துக்கும், அதில் ஒரு பங்கு கணக்கு விலைப்படி அவருடைய சொந்த நாட்டுத் துறைக்கும் போனது. அவர் கொடுக்க மறுத்தது ஏகபோகத்தின் கூடுதல் லாபத்தை மட்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. வெளிநாட்டு அழைப்பில் வந்த டாலர்தான் ஏழை நாடுகளில் உள்ளூர்க் கட்டணத்தைத் தாழ்வாக வைத்தது, கிராமத்துக்குக் கம்பி இழுத்தது. சுற்றுவழிக்காரர்கள் அதில் கைவைத்தார்கள் என்பது. இதில் நியாயம் இருக்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்கா ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் இப்படி வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் 1997இல் அதன் ஆணையம் உச்சவரம்பு விதித்தது: பணக்கார நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 19, ஏழை நாடுகளுக்கு 23. ஒரு வல்லரசு தன்னிச்சையாகச் செய்தது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. இருந்தாலும் பணம் எங்கே போனது என்று கேட்கத்தான் வேண்டும். இந்தியாவின் வெளிநாட்டுப் பேச்சு முழுவதையும் 1986 முதல் தனியாகக் கையில் வைத்திருந்த வி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு, வெளியே போன நிமிடங்களைவிடப் பல மடங்கு உள்ளே வந்தன, வருமானமும் அப்படியே. 1990கள் முழுதும் தொலைபேசி இணைப்புக்குக் காத்திருந்தவர் பட்டியல் லட்சக்கணக்கில் நீண்டிருக்க, அந்நிறுவனத்தில் பல ஆயிரம் கோடி ரூபாய் ரொக்கம் குவிந்தது. 2002இல் டாட்டாவுக்குப் பங்கை விற்பதற்குமுன் அரசு சிறப்பு ஈவுத்தொகை என்று அதில் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது. கொடுத்தது யார்? துபாயில் கட்டட வேலை செய்தவரும் அவர் குரலுக்காகக் காத்திருந்த வீடும். ஏழைகளிடமிருந்து எடுத்து ஏழைகளுக்கு உதவுவதாகச் சொல்லப்பட்ட வரியில் இரண்டாம் பாதி சரியாக நடக்கவில்லை.

2002 ஏப்ரல் 1 அன்று வி.எஸ்.என்.எல். ஏகபோகம் முடிந்தது. இணையவழிப் பேச்சும் அன்றுதான் இந்தியாவில் சட்டப்படி அனுமதி பெற்றது, பாதி அளவில்: கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசிக்குக் கூடாது. அடுத்த ஆண்டு கிராமச் சேவையின் நட்டத்தை ஈடுகட்ட ஒரு தனிக் கட்டணம் கொண்டுவந்தார்கள். 2004இல் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அது 4 ரூபாய் 25 பைசா. உள்ளூர் அழைப்புக்கோ அதைவிட மிகக் குறைவு. உடனே கள்ள எக்ஸ்சேஞ்சுகள் முளைத்தன. வாடகை அறையில் சில பெட்டிகள், இணைய இணைப்பு, கட்டுக்கட்டாக சிம் கார்டுகள். ரியாத்திலிருந்து வரும் அழைப்பு உள்ளூர் எண்ணாக மாறி வீட்டில் மணியடிக்கும். தெருவோர ஆட்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. வெளிநாட்டு அழைப்புகளை உள்ளூர் அழைப்பாகக் காட்டியதற்காக ஒரு பெரிய தனியார் நிறுவனத்துக்கே அரசு 150 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எந்த அழைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போவது பாதுகாப்புக்கு ஆபத்து என்று காவல்துறை சொன்னது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த ஆபத்தை உண்டாக்கியதே விலை இடைவெளிதான். அந்தத் தனிக் கட்டணம் 2006இல் 1 ரூபாய் 60 பைசாவாக இறங்கி, 2008இல் ஒழிந்தது. அத்துடன் இந்தத் தொழிலின் பெரிய லாபமும் கரைந்தது. எத்தனை சோதனைகள் நடத்தியிருந்தாலும் அந்த வேலை முடிந்திருக்காது.

சுற்றுவழிக்காரர்களைப் புனிதர்களாக்கவும் கூடாது. லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ்க் கடைகளின் கல்லாப்பெட்டி அருகே தொங்கிய தொலைபேசி அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பு இல்லாத காலத்தில், உறவுகள் வவுனியாவிலோ கொழும்பிலோ இருந்த ‘கொமியூனிகேஷன்’ கடைக்கு வந்து காத்திருந்தால்தான் குரல் கேட்கலாம். அந்தக் குரலுக்கு ஏங்கியவர்களிடம் இத்தனை நிமிடம் என்று அச்சடித்து விற்ற அட்டைகளில் இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம், நிமிடங்களை மேல்நோக்கி முழுமையாக்குவது என்று பல ஓட்டைகள். அமெரிக்காவில் அரசு வர்த்தக ஆணையம் 2008இல் வழக்குப் போட்ட நிறுவனங்களின் அட்டைகளைச் சோதித்தபோது, சொன்ன நிமிடங்களில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தன. புலம்பெயர்ந்தவர்களின் அவசரத்தைக் காசாக்குவதில் அரசுத் துறைக்கும் அட்டைக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று மட்டும் வேறு: ஏமாற்றிய அட்டையை விட்டு அடுத்த அட்டைக்கு மாறலாம்.

இதே இழுபறி உள்நாட்டுச் சிறப்புக் கட்டண எண்களிலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் 0845, 0870 என்று தொடங்கும் எண்கள் முதலில் உள்ளூர்க் கட்டணம், தேசியக் கட்டணம் என்ற பெயரில் வந்தன. சாதாரண அழைப்புகள் மலிவான பின்னும் இவை இறங்கவில்லை. கூப்பிட்டவர் கொடுத்த காசில் ஒரு பங்கு கூப்பிடப்பட்ட நிறுவனத்துக்கே போனது. குறை சொல்லக் கூப்பிட்டவரைக் காத்திருக்க வைத்தால் அதிலும் வருமானம். மக்கள் அந்த எண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாதாரண எண்களைத் தோண்டியெடுத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2009இல் 0870இன் பங்குப் பணத்தை நிறுத்தியது. 2014 முதல் வாடிக்கையாளர் உதவி எண்கள் அடிப்படைக் கட்டணத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

விலை இடைவெளி இருந்தால் சுற்றுவழியும் இருக்கும் என்ற பாடத்தை அதிகாரிகள் படித்தார்களா என்றால், படித்து மறந்து மறுபடி படிக்கிறார்கள். இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு அழைப்பை இறுதியில் கொண்டுசேர்க்கும் நிறுவனத்துக்கான கட்டணத்தை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015இல் 53 பைசாவாக உயர்த்தியது; உள்நாட்டு அழைப்புக்கு அது 14 பைசாவாக இருந்தது, 2017இல் 6 பைசாவானது. இடைவெளி அகன்றதும் கள்ள வழிப் புகார்கள் திரும்ப வந்தன. 2018இல் 30 பைசாவாக இறக்கினார்கள். 2020இல் 35 முதல் 65 பைசா வரை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்று மீண்டும் ஏற்றினார்கள். 2021 ஜனவரி 1 முதல் உள்நாட்டு அழைப்புக்கு இந்தக் கட்டணம் அறவே கிடையாது. இடைவெளி இருக்கிறது, கள்ள எக்ஸ்சேஞ்ச் பிடிபட்ட செய்தியும் நாளிதழில் வந்துகொண்டுதான் இருக்கிறது.