மூச்சு போய் முப்பது நொடி வந்தது

திருவண்ணாமலை என்றால் வெளியூர்க்காரருக்குக் கிரிவலமும் கார்த்திகை தீபமும்தான் நினைவுக்கு வரும். தை பிறந்தால் செங்கம், போளூர், கலசப்பாக்கம் பக்கத்து ஊர்களில் கூட்டம் கூடுவது கபடிக்கு. பெரியவர்கள் இன்னும் சடுகுடு என்பார்கள்.

எதிரே ஏழு பேர். பாடிப் போகிறவர் ஒருவர். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருக்கினால், அவரைக் காக்க முன்னால் ஐந்து பேர் மலைபோல் நிற்பார்கள். இங்கே அந்த உதவி இல்லை. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் தன்னந்தனி ஆள்.

அந்தக் காலத்தில் அவரை முதலில் நெருக்கியது சொந்த நுரையீரல். ஒரே மூச்சில் பாட வேண்டும். பாட்டு அறுந்தால் ஆட்டக்காரர் அவுட். பிடிக்கிறவர்களுக்கும் இது தெரியும். பாய்ந்து விழாமல் பின்வாங்கிப் பின்வாங்கி உள்ளே இழுப்பார்கள். மூச்சு தளர்ந்து அவர் திரும்பும் கணத்தில் கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பிடிப்பார். மூச்சு விட்டாரா இல்லையா என்பது நடுவரின் காதைப் பொறுத்த விஷயம். தகராறுக்குக் கேட்கவா வேண்டும்!

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகப் போய்வந்த கபடிக்கு 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் நம் சென்னையில்தான் நடந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் பட்டியலில் ஏறியது.

பிறகு கடிகாரம் வந்தது. பாடிப் போகும் ஒரு முறைக்கு, அதாவது ரெய்டுக்கு, 30 நொடி. பாட்டு இன்றும் உண்டு, ஆனால் நெருக்கடி நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது. 2014இல் தொடங்கிய புரோ கபடி பிரபலமாக்கிய ‘டூ ஆர் டை’ விதி அதை இன்னும் முறுக்கியது: தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாக முடிந்தால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும். அதனால் பிடிக்கும் அணி முதல் இரண்டிலும் ஒதுங்கி நின்றுவிட்டு, மூன்றாவதற்குக் கைகோத்துக் காத்திருக்கிறது. வருகிறவர் தொட்டே ஆக வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியுமே.

கோத்த கைகளுக்கு அடியில் குனிந்து நழுவும் ‘டுப்கி’தான் இதற்கு ரெய்டர் பர்தீப் நர்வால் கண்ட வழி. 2017 புரோ கபடியில் ஹரியானாவுக்கு எதிரான வெளியேற்றச் சுற்றில் பாட்னாவுக்காக 34 புள்ளி எடுத்தார். ஒரே ரெய்டில் எதிரே இருந்த ஆறு பேரையும் வெளியேற்றினார். இந்திய ரெய்டர் அஜய் தாக்கூரின் பாணி வேறு, பொறுமை. 2016 அகமதாபாத் உலகக் கோப்பை இறுதியில் இடைவேளையின்போது ஈரான் 18-13 என முன்னிலை. அவர் எடுத்த 12 புள்ளிகளின் துணையோடு இந்தியா 38-29 என வென்றது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய ஆட்டம். பின்தங்கிய அணிக்கு, சொந்த மண்ணில், அவசரப்படாமல் ஆடுவது லேசில்லை.

ஆனாலும் அதே ஈரான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் 27-18 என வென்று, தொடர்ந்து ஏழு தங்கம் கண்ட இந்திய ஆண்கள் அணியை வெண்கலத்தோடு அனுப்பியது.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் மீண்டும் இதே இரு அணிகள். 28-28. ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி, இந்தியாவின் பவன் செராவத்துக்கு ‘டூ ஆர் டை’. யாரையும் தொடாமலே ஆடுகளத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார்; ஈரான் வீரர்கள் நால்வர் துரத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். துரத்தி வந்தவர்களும் அவுட் என்ற பழைய விதியா, ரெய்டர் மட்டுமே அவுட் என்ற புதிய விதியா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம், தரையில் உட்கார்ந்து போராட்டம், மாறி மாறித் தீர்ப்பு. கடைசியில் பழைய விதிப்படி இந்தியாவுக்குப் புள்ளிகள் கிடைத்தன. 33-29, எட்டாவது தங்கம்.