பள்ளியும் வாங்கும்: கரைத்தீவுக் கரையோரத்தின் சொல்லடுக்குகள்

புத்தளம் மாவட்டத்தின் கரைத்தீவுக்கு வடக்கே பொன்பரிப்பு. அதற்கும் அப்பால் குதிரைமலை முனை. களப்பின் மறுகரையில் ஒல்லாந்தர் கோட்டை நிற்கும் கற்பிட்டி. 1970இல் விமலா பெக்லி பொன்பரிப்பில் அகழ்ந்த ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. வரலாற்றுக் காலத்துக்கு முன்பே மன்னார் வளைகுடாவின் இருகரைகளும் உறவாடியதற்கு அவை சான்று. ஆனால் தாழியை வைத்து அம்மக்களின் மொழியைச் சொல்லிவிட முடியாது.

மொழி பற்றிய செய்தி உரோமரிடமிருந்து வருகிறது. கிளாடியசு பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) அன்னியசு பிளோகாமுசு என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் காற்றில் அடிபட்டு ‘இப்புரோசு’ துறையை அடைந்து, ஆறு மாதம் தங்கி இந்நாட்டு மொழியைக் கற்றான் என்கிறார் பிளினி. அத்துறையைக் குதிரைமலையாகக் கொள்வோர் பலர். கிரேக்கத்தில் ‘இப்போசு’ என்றால் குதிரை. பொருத்தம் கவர்ச்சியானதுதான். எனினும் அக்காலத்தில் இம்முனைக்குத் தமிழ்ப்பெயர் இதுவே எனக் காட்டும் சான்று கிடைக்காதவரை இதைக் கருதுகோளாகவே கொள்ளவேண்டும்.

உறுதியான சான்று அன்றாடச் சொற்களில் இருக்கிறது. இக்கரையின் முஸ்லிம்கள் வணக்கத்தலத்தைப் ‘பள்ளி’ என்கிறார்கள். மதுரைக்கு அருகே மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில், ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டில், சமண முனிவர் உறைவிடம் ‘பளி’ எனப்படுகிறது. அதே சொல்தான் இது. ‘நோன்பு’, ‘தொழுகை’ என்பனவும் பழந்தமிழே. அரபு வணிகரோடு வந்த சமயம் வேளைத் தொழுகைகளுக்குச் சுபஹு, லுஹர், அஸர் என்று தன் பெயர்களைத் தந்தது. அடிப்படைச் சொற்களையோ இங்கு முன்பே பண்பட்டிருந்த துறவு மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு சமயத்தின் சொல் இன்னொன்றின் உயிர்ச்சொல்லாக இப்படி வாழ்வதை நான் தமிழின் பெருஞ்செல்வமாகக் கருதுகிறேன்.

1344இல் பயணி இப்னு பதூதா வந்து இறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே. அவரைச் சந்தித்த யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது. அரசருக்கு விளங்கிய அந்த மொழி மீனவர் பேச்சை ஆட்கொள்ளவில்லை.

போர்த்துக்கேயர் கதை வேறு. அவர்களுடைய சொற்கள் வீட்டுக்குள் புகுந்தன: அலுமாரி, மேசை, கோப்பை, சப்பாத்து. ‘பாங்கோ’ உட்காரும் ‘வாங்கு’ ஆயிற்று. ஒல்லாந்தர் ‘கந்தோரை’ விட்டுச்சென்றனர். புதுப்பொருளும் புது அலுவலும் வந்த இடங்களில்தான் புதுச்சொல் நிலைத்தது. கடலில் அந்தத் தேவை எழவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்ற காற்றின் பெயர்கள் மாறவே இல்லை. முதலிரண்டும் சங்கப் பாடல்களிலேயே உள்ளவை. களப்பின் வடபகுதி நிலப்படத்தில் டச்சுக் குடா, போர்த்துக்கல் குடா என்றிருந்தாலும் காற்றுக்கு ஐரோப்பியப் பெயர் ஏதும் ஒட்டவில்லை.

ஆகவே சொற்கடனை ஆட்சியின் நீளத்தால் அளப்பது பொருந்தாது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்கள் அன்றாடம் சிங்களம் பேசுகிறார்கள். அவர்களது போர்த்துக்கேயக் கிரியோல் மொழியோ பெரும்பாலும் ‘மாஞ்சா’ பாடல்களில் எஞ்சியிருக்கிறது. போர்த்துக்கேயர் ஆட்சி 1658இல் முடிந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை.